கொத்துவதா, செதுக்குவதா?

இரண்டுக்கும் உளியும் சுத்தியலும்தான், வேலைதான் வேறு. வழவழத்துப்போன அம்மியைக் கொத்துவார்கள், செதுக்கமாட்டார்கள். அடிக்கு ஒரு புள்ளியாக உளி இறங்கும், பொடி தெறிக்கும். கல்லின் உருவம் மாறாது. மிளகாய் வழுக்காமல் அரைபடச் சொரசொரப்பு மட்டும் திரும்பும். (அன்றைக்கே துவையல் அரைத்தால் பல்லில் நறநறக்கும்; முதலில் தவிட்டை அரைத்துக் கழுவ வேண்டும்.)

செதுக்கினால் உருவம் பிறக்கும். வேண்டாததைச் சீவி எடுப்பதுதான் அது. புல்லைச் செதுக்குவதும் அப்படித்தான். கழுகுமலை வெட்டுவான் கோயிலை 8ஆம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டுச் சிற்பிகள் பாறையின் மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். விமானத்துச் சிற்பங்கள் கண்ணைப் பறிக்கின்றன. அடிப்பகுதியோ முடியாமல் வெறும் பாறையாக நிற்கிறது. அந்த விமானத்தைப் பார்த்துவிட்டு யாராவது ‘நன்றாகக் கொத்தியிருக்கிறார்கள்’ என்றால் எனக்குக் காது கூசும்.