மக்காவா, ஹாங்காங்கா: இரவுத் தங்கல் எங்கே?

ஹாங்காங் போகிறவர்கள் மக்காவை ஒரே பகலில் முடித்துவிடுகிறார்கள். 2018-ல் திறந்த கடல் பாலம் வழியே பஸ்ஸில் போய், ஒரு கேசினோவையும் ஒரு தேவாலயச் சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காலனிக் காலக் கலப்பைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், மக்காவில் தங்குங்கள் என்பேன்.

இரண்டுமே சீனாவின் சிறப்பு நிர்வாகப் பகுதிகள். தனி நாணயம், தனி நீதிமன்றம், தனிக் குடிவரவுச் சோதனை எல்லாம் உண்டு. ஹாங்காங் 1997-லும் மக்காவ் 1999-லும் சீனாவிடம் திரும்பின. ஹாங்காங் சுமார் 1,100 சதுர கிலோமீட்டர், மக்காவ் வெறும் 33. அதிலும் பாதிக்கு மேல் கடலைத் தூர்த்து எடுத்த நிலம்.

ஆனால் வந்தவர்கள் வந்த விதம் வேறு. பிரிட்டிஷார் ஹாங்காங் தீவைப் போரில் வென்று, 1842 ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். போர்த்துகீசியர் 1557-ல் மக்காவில் குடியேறி, நெடுங்காலம் சீன அரசுக்கு நிலவாடகை கட்டினார்கள். கோவா, மலாக்கா, ஜப்பான், சீனா எனப் பல ஊர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அதனால் ஹாங்காங்கில் பிரிட்டன் சட்டத்திலும், 1904 முதல் ஓடும் டிராமிலும் தெரிகிறது. மக்காவில் போர்த்துகல் சமையலறை வரை போய்விட்டது.

மின்ச்சி சாப்பிட்டால் புரியும். கொத்துக்கறியைச் சோயா சாஸில் வதக்கி, பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சேர்த்து, சோற்றின் மேல் பொரித்த முட்டையோடு தருவார்கள். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேரும் கறிகளும் உண்டு. நம் நாக்குக்கு அந்நியமே இல்லை.

செயின்ட் பால் தேவாலயம் 1835-ல் எரிந்தபோது முகப்புச் சுவர் மட்டும் மிஞ்சியது. அவசரப்படாமல் அண்ணாந்து பாருங்கள். பல தலை அரக்கப் பாம்பை மிதிக்கும் மாதா, பக்கத்தில் சீன எழுத்துகள், சீனச் சிங்கங்கள். சுவரை ஒட்டியே நாச்சா என்ற சீனத் தெய்வத்துக்குச் சின்னக் கோயில். கோவாவிலிருந்து வந்த இந்தியப் படையினருக்கு 1874-ல் கட்டிய மூரிஷ் பாரக்ஸ் என்ற குடியிருப்புக் கட்டடமும் நடக்கிற தூரம்தான்.

மலையேற்றம், பெரிய அருங்காட்சியகங்கள், மெட்ரோ வசதி என்று பார்த்தால் ஹாங்காங்தான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அதுவே சரி. மக்காவின் கோத்தாய் கேசினோ வரிசை என்னைக் கவரவில்லை. அந்த நேரத்தை மக்காவிலேயே இருக்கும் கொலோவான் கிராமத்துக்குக் கொடுக்கலாம்.

பணத்தில் ஒரு கவனம் தேவை. மக்காவில் ஹாங்காங் டாலரை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மக்காவ் நாணயமான பட்டாக்கா ஹாங்காங் கடைகளில் செல்லாது. மிச்சமிருப்பதைக் கிளம்பும் முன்பே செலவழித்துவிடுங்கள்.