மரத்தூரில் கட்டும் நீர்ப்பை: வாங்கலாமா, வேண்டாமா?

புதிதாக மரம் நட்ட இடங்களில் தூரைச் சுற்றிப் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு பை கூம்பாக நிற்கும். வெயில் தாங்கும் தடித்த பாலித்தீனில் செய்தது. பக்கவாட்டில் ஜிப், மேலே ஹோஸ் பைப் நுழைய ஒரு திறப்பு, தூக்கிப் பிடிக்க இரண்டு பட்டை, அடியில் ஊசிமுனை அளவில் இரண்டு துளை. அவ்வளவுதான் அதன் உறுப்புகள். பெரும்பாலும் விற்பனையில் இருப்பது 75 லிட்டர் பிடிக்கும் அளவு. நிரப்பினால் 5 முதல் 9 மணி நேரத்தில் காலியாகும். தண்டின் கனம் (குறுக்களவு) 2.5 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை இருந்தால் ஒரு பை போதும். அதற்கு மேல் என்றால் இரண்டு பைகளை ஜிப்பால் இணைத்துக் கட்டலாம்.

தண்ணீரை மெதுவாக இறக்குவதில் இதைக் குறை சொல்ல முடியாது. ஹோஸ் பைப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் அதை இறுகிய மண் வாங்காது. மேலே தேங்கி, பாத்தியை உடைத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடிவிடும். பார்ப்பவருக்கு நிறையத் தண்ணீர் விட்டது போலத் தெரியும், ஆனால் கிளறிப் பார்த்தால் இரண்டு விரற்கடைக்குக் கீழே புழுதி. பையில் அதே தண்ணீர் மணிக்கு 10, 12 லிட்டர் என்ற கணக்கில் கசிவதால் களிமண்கூட ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. சரிவான இடங்களிலும் சாலையோரக் குழிகளிலும் வேறெந்த வழியைவிடவும் இது மேல்.

சிக்கல் உறையில் எழுதியிருக்கும் வாக்கியத்தில் இருக்கிறது. ‘வாரம் ஒரு முறை நிரப்பினால் போதும்’ என்பதை அப்படியே நம்பி நட்ட முதல் மாதத்திலேயே மரத்தைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. காரணம் எளிது. பண்ணையிலிருந்து வரும் கன்றின் வேர்கள் எல்லாம் தாய்மண்ணுக்குள்தான், அதாவது வேரோடு ஒட்டி வந்த மண்கட்டிக்குள்தான் இருக்கின்றன. தொட்டியில் வளர்ந்த கன்றென்றால் அந்தத் தாய்மண் தென்னைநார்த் தூளும் மட்கும் கலந்த பொலபொலப்பான கலவை, சீக்கிரம் உலரும். சுற்றியுள்ள நிலத்து மண் ஈரமாக இருந்தாலும் அந்த ஈரம் நுண்ணிய மண்ணிலிருந்து பொலபொலப்பான கலவைக்குள் எளிதில் வந்து சேராது. ஆகவே பக்கத்து மண் நனைந்திருக்க, கன்று தாகத்தில் வாடும். தரையில் வளர்த்துத் தோண்டியெடுத்த மரத்துக்கு வேரில் பெரும்பங்கு அறுபட்டுப் போயிருக்கும். அதன் பாடு இன்னும் மோசம்.

முதல் இரண்டு வாரம் தினமும், மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, அதன் பிறகு வேர் பிடிக்கும் வரை வாரம் ஒரு முறை. இதுதான் தண்ணீர் விடும் முறை. அளவு, தண்டின் கனத்தில் ஒரு அங்குலத்துக்கு 4 முதல் 6 லிட்டர். இரண்டு அங்குலத் தண்டென்றால் ஒரு வேளைக்கு 8 முதல் 12 லிட்டர்தான். 75 லிட்டரை ஒரே நாளில் இறக்கிவிட்டு ஆறு நாள் காயவிட்டால் பெரும்பகுதி தாய்மண்ணைத் தாண்டிக் கீழே போய்விடும். வடிகால் இல்லாத களிமண்ணில் அது குழிக்குள்ளேயே தேங்கி வேரை மூச்சுத்திணற வைக்கும்.

பையைக் கைவிட வேண்டியதில்லை, நிரப்பும் விதத்தை மாற்றினால் போதும். முதல் மூன்று மாதம் அதைப் புனல் போலப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் 10, 15 லிட்டர் மட்டும் ஊற்றினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். பாதி, முக்கால் என்று நிரப்புவதெல்லாம் நான்காம் மாதத்துக்குப் பிறகு, வேர் சுற்று மண்ணுக்குள் நுழைந்த பின். மணற்பாங்கான இடத்தில் அப்போதும் வாரம் ஒரு முழுப் பையைவிட இரண்டு அரைப் பை நல்லது.

மாட்டும் வேலை ஐந்து நிமிடம்தான், ஆனால் அவசரப்பட்டால் கெடும். முதலில் தூரில் வேர் விரியத் தொடங்கும் இடம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். மண் மூடியிருந்தால் விலக்குங்கள். கூழாங்கல், உடைந்த செங்கல், குச்சிகளைப் பொறுக்கிவிடுங்கள், 75 கிலோ பாரம் அவற்றின் மேல் உட்கார்ந்தால் பை ஓட்டையாகும். ஜிப்பைக் கீழிருந்து மேலாக மூடி, பையில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, பட்டைகளைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தால் மடிப்புகள் பிரிந்து பை நிமிர்ந்து நிற்கும். இதைச் செய்யாமல் ஒரேயடியாக நிரப்புவதுதான் சாயும் பைகளுக்கெல்லாம் காரணம். சரிவில் பையின் கனமான பக்கம் மேட்டுப் புறம் இருக்கட்டும். முட்டுக்கொம்பு நட்டிருந்தால் அதைப் பைக்கு வெளியே விடுங்கள். உள்ளே வைத்துக் கட்டினால் ஜிப் இழுபட்டுப் பல் விலகும்.

துளைகள் இரண்டே என்பதால் ஈரம் இரண்டு இடத்தில் மட்டும் ஆழமாக இறங்குகிறது. மணலில் இது இன்னும் மோசம், தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகும். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பையைக் கால் சுற்று திருப்பி வைத்தால் நான்கு பக்கமும் நனையும். எளிதான வேலை, ஆனால் செய்முறைத் தாள்களில் இதைக் காண்பது அரிது.

அடைப்புதான் இந்தப் பொருளின் பெரிய பலவீனம். வண்டல் கலந்த தண்ணீர், உப்புப் படியும் தண்ணீர், உள்ளே வளரும் பாசி என்று எது வந்தாலும் ஊசிமுனைத் துளை அடைபடும். காலையில் நிரப்பிய பை மறுநாள் காலையிலும் விறைப்பாக நின்றால் அடைப்பு என்று பொருள். பெரிய ஊசியால் குத்தி அகலப்படுத்தத் தோன்றும், செய்யாதீர்கள். துளை இரு மடங்கு அகலமானால் தண்ணீர் நான்கு மடங்கு வேகத்தில் ஓடும், மெதுவாகக் கசிவதற்காக வாங்கிய பை வெறும் ஓட்டைப் பையாகிவிடும். பையைக் கழற்றிக் குப்புறப் பிடித்து, துளை வழியாக வெளியிலிருந்து உள்ளே தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் சரியாகும். குளத்துத் தண்ணீரோ தொட்டியின் அடித்தண்ணீரோ பயன்படுத்துவதானால் பையின் வாயில் பழைய பருத்தித் துணியைக் கட்டி வடிகட்டுங்கள். அடைபட்ட பையில் தண்ணீர் ஒரு வாரம் நின்றால் கொசு உற்பத்தியாகவும் வழியுண்டு. மேல் மடிப்பை நன்றாக மூடி வைப்பது அதற்காகவும்தான்.

மரப்பட்டைக்கு வருகிற கெடுதலைப் பற்றி விற்பவர்கள் பேசுவது குறைவு. பை இரவும் பகலும் தண்டை ஒட்டியே இருந்தால் அங்கே காற்றும் வெளிச்சமும் போகாது, ஈரம் மட்டும் நிற்கும். பட்டை மெத்தென்று ஆகும், பூஞ்சை பிடிக்கும், எறும்பும் நத்தையும் குடியேறும், சில மரங்களில் பைக்குள் தண்டிலிருந்தே வேர் முளைக்கும். அதனால் தண்ணீர் இறங்கியதும் ஜிப்பைத் திறந்து வையுங்கள், வாரம் ஒரு நாளாவது முழுதாகக் கழற்றுங்கள். மழைக்காலம் முழுக்கவும், குளிர் நாடுகளில் இலையுதிர்ந்த பின்னும் பை மரத்தில் இருக்கவே கூடாது. எலிகள் அதைப் போர்வையாக்கிக்கொண்டு பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும், அப்படிச் சுற்றறுபட்ட மரம் பிழைக்காது. ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு இளம் பட்டையைக் கிழிப்பதைப் பை தடுக்கிறது. அதற்காகவே பை வேண்டும் என்றால், தண்டைத் தொடாத ஒரு வலை வளையம் போதும்.

தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்துக்குள் கிளை இருக்கும் கன்றுகளுக்கு இந்தக் கூம்புப் பை ஆகாது. அவற்றுக்கு வளைய வடிவில், தரையோடு படுத்திருக்கும் வகை உண்டு. பட்டையை ஒட்டாமல் சற்று விலகி இருப்பது அதன் சிறப்பு. ஆனால் தாய்மண்ணின் மேற்பரப்பை முழுக்க மூடிவிடுவதால் மழைநீரை வெளியே தள்ளுகிறது. மண்ணைத் தொட்டுப் பார்க்கவும் விடாது. மழை வருமென்று தெரிந்தால் அதை எடுத்துவிட வேண்டும்.

மழையைப் பற்றிய மதிப்பீடும் பலருக்குத் தப்புகிறது. 25 மி.மீ. பெய்தது என்றால் நல்ல மழை என்று பை நிரப்புவதை விட்டுவிடுகிறார்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள பாத்தியில் அந்த மழை கொடுப்பது ஏறத்தாழ 20 லிட்டர். இலைகள் தடுப்பதும் பை மறைப்பதும் போக அதிலும் குறையும். மண்ணைக் கேட்பதே சரி. நீளமான ஸ்க்ரூ டிரைவரைத் தாய்மண்ணுக்குள் 15 செ.மீ. குத்துங்கள். சுலபமாக இறங்கி, நுனியில் ஈரமண் ஒட்டி வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். இறங்க மறுத்தால் காய்ந்துவிட்டது. சேறாக வந்து நாற்றமும் அடித்தால் அதிகமாகிவிட்டது. இலை தொங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், தாகத்திலும் தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும்.

குடியிருப்பில் இருபது, முப்பது மரங்களைப் பலர் சேர்ந்து பராமரிக்கும்போது இந்தப் பையின் வேறொரு குணம் வெளிப்படுகிறது. பை இருந்தாலே தண்ணீர் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் காலியாகத் தொங்கும் பைகளுக்கு இதுவே காரணம். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, பையின் கைப்பட்டையில் ஒரு அட்டையைக் கட்டி, நிரப்பிய தேதியையும் ஊற்றிய லிட்டரையும் பென்சிலால் எழுதுங்கள் (பேனா மை மழையில் கரையும்). நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு முழுப் பை நிரம்ப 5 நிமிடம் என்றால் இருபது மரத்துக்கு 100 நிமிடம், பைப்பை இழுத்துப் போகும் நேரம் தனி. 12 லிட்டர் என்றால் ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவருக்கு ஐந்து மரம் என்று பிரித்துக் கொடுத்தால் தினமும் நடக்கும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கைச்செலவு குறைய வேண்டுமென்றால் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியின் அடியில் 3 மி.மீ. துளை இரண்டு போட்டுத் தாய்மண்ணின் மேல் வையுங்கள், அரை மணி நேரத்தில் காலியாகும். பை போல அவ்வளவு மெதுவாக இல்லை, ஆனாலும் முதல் மூன்று மாதத்துக்கு அந்த அளவே பொருத்தம். பட்டையைத் தொடாது, அடைத்தால் ஒரு குச்சியால் குத்திவிடலாம், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்பதும் ஒரு பார்வையில் தெரியும். வாளியைச் சாய்க்கவோ தூக்கிக்கொண்டு போகவோ ஆள் இருக்கும் தெருவில் மட்டும் பை முந்துகிறது. தாய்மண்ணுக்கு வெளியே செங்குத்தாகப் புதைக்கும் துளைக்குழாய் வேண்டாம். தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும்.

பையில் உரத்தைக் கரைத்து ஊற்றலாம் என்றும் சொல்கிறார்கள். நட்ட முதல் வருடம் அது தேவையில்லை. இருக்கிற கொஞ்ச வேரால் தாங்க முடியாத இலையைத் தள்ளவைக்கும், உப்பு துளையையும் அடைக்கும். அதைவிட 5 முதல் 10 செ.மீ. கனத்தில் மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல் போன்றவை) போடுவது எவ்வளவோ மேல், தண்டைச் சுற்றி ஒரு கையளவு இடம் விட்டு. பையை மூடாக்கின் மேலேயே வைக்கலாம்.

ஆகவே தண்ணீர் நிற்காமல் ஓடும் இடம், வாரம் ஒன்றிரண்டு முறை மட்டுமே ஆள் வரக்கூடிய இடம், வேர் கொஞ்சம் பிடித்துவிட்ட இரண்டாம் கட்ட மரம் ஆகியவற்றுக்குப் பை வாங்கலாம். மரத்துக்கு ஒன்றாக வாங்கத் தேவையில்லை. பத்து மரத்துக்கு மூன்று பை வாங்கிச் சுழற்றினால் கழற்றி மாட்டும் பழக்கம் தானாக வந்துவிடும், பட்டைக்கும் ஓய்வு கிடைக்கும். வாங்கும்போது ஜிப்பின் இரு முனைத் தையலையும் கைப்பட்டை சேரும் இடத்தையும் இழுத்துப் பாருங்கள், முதலில் விட்டுப்போவது அவைதான். பருவம் முடிந்ததும் கழுவி, தலைகீழாகத் தொங்கவிட்டு உள்புறம் நன்றாக உலர்ந்த பிறகு நிழலில் வையுங்கள். மடித்து மூலையில் போட்டால் மடிப்பில் விரிசல் விடும், எலியும் கடிக்கும்.