விதையா, குச்சியா, பதியமா: பூச்செடிகளைப் பெருக்கும் மூன்று வழிகள்

வீட்டுத் தோட்டத்தில் புதிய பூச்செடியை உண்டாக்க விதை, குச்சி, பதியம் (கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே வேர்விடச் செய்வது) என்று மூன்று வழிகள் உள்ளன. அவற்றுள் எது எளிது என்று பார்ப்பதற்கு முன், தாய்ச்செடியின் பூ அதே நிறத்திலும் அதே அடுக்கிலும் மீண்டும் வேண்டுமா என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது.

ஒரு பருவம் பூத்து மடியும் செண்டுமல்லி, சீனியா, காசித்தும்பை போன்றவற்றுக்கு விதையே போதும். நல்ல வெதுவெதுப்பில் இவை ஒரு வாரத்தையொட்டி முளைத்து, இரண்டு, இரண்டரை மாதங்களில் பூக்கின்றன. தாய்ச்செடியின் நச்சுயிரி (வைரஸ்) நோய்களுள் பெரும்பாலானவை விதை வழியே பரவுவதும் இல்லை. ஆனால் கலப்பின ரகத்தில் சேகரித்த விதை ஒரே சீரான செடிகளைத் தராது. குண்டுமல்லியோ அரிதாகவே காய்ப்பதால், அதற்கு விதை என்ற பேச்சுக்கே இடமில்லை.

தாய்ச்செடியின் குணம் மாறாமல் நிறையச் செடிகள் வேண்டுமென்றால் குச்சி நடவுக்கு இணையில்லை. பென்சில் பருமனில் சுமார் 15 செ.மீ. நீளமுள்ள முற்றிய தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியிலைகளை நீக்கி, தலைகீழாகிவிடாமல் நட வேண்டும். செம்பருத்தி, காகிதப்பூ, அரளி ஆகியவை இவ்வாறு வளர்பவை. வேரில்லாத நிலையில் இலைகள் நீரை இழந்துகொண்டே இருப்பதால், நிழலும் காற்றில் ஈரப்பதமும் இல்லாவிட்டால் குச்சி வேர் விடுவதற்குள் வாடிவிடும். தாயிடம் நச்சுயிரி இருந்தால் அதுவும் கூடவே வரும் என்பதால், நோயற்ற செடியைத் தேர்ந்தெடுப்பதில் சமரசமே கூடாது. ரோஜாவில் பல புதிய ரகங்கள் சொந்த வேரில் அவ்வளவாகச் செழிப்பதில்லை; அவற்றை வேறொரு ரோஜாவின் வேர்த்தண்டில் ஒட்டிய ஒட்டுச்செடியாக வாங்கி, ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்களை அவ்வப்போது நீக்கிவருவதே மேல்.

பதியத்தின் சிறப்பு, வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியே கிளைக்கு நீர் ஊட்டுவதுதான். மல்லிகையின் வளையும் கொடியை மண்ணில் புதைத்தாலே போதும். வளையாத கிளையில், வெட்சி போன்றவற்றுக்கு, கிளை மண்ணைத் தொடாமல் மேலேயே வேர்விடும் விண்பதியம் போட வேண்டும். இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தால், இலைகள் தயாரிக்கும் சர்க்கரையும் வேரூக்கியான ஆக்சினும் கீழே இறங்க வழியின்றி வெட்டின் மேல்விளிம்பில் தேங்கி அங்கே வேரைத் தூண்டுகின்றன. உள்ளே இருக்கும் கட்டை வழியாக நீர் வழக்கம்போல் மேலேறுகிறது. உரித்த இடத்தின் வழவழப்பான படலத்தைச் சுரண்டாமல் விட்டால் பட்டை மீண்டும் கூடிவிடும். பதியம் வேர் பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். சுரண்டிய இடத்தைச் சுற்றி ஈரமான பாசியை வைத்து, வெளியிலிருந்து வேர் தெரியும்படி ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் சுற்றிக் கட்ட வேண்டும்.

ஒரு தாய்ச்செடியில் சில பதியங்களுக்கு மேல் போட முடியாது. ஆயினும், ஆண்டுக்கணக்கில் நிற்கப்போகிற செடி ஒன்றிரண்டே தேவைப்படும் வீட்டுக்கு நான் பதியத்தையே பரிந்துரைப்பேன். பிரித்தெடுத்ததும் இலைகளில் ஒரு பகுதியைக் குறைத்து, புதிய துளிர் வரும்வரை தொட்டியை நிழலிலேயே வைத்திருக்க வேண்டும்.