வில்லிஸ் ஜீப்பா, லாண்ட் றோவரா? உப்புக்காற்றடிக்கும் ஊரில் எது நிற்கும்

"மாமா, பழைய வில்லிஸ் ஜீப் ஒண்டு விலைக்கு வருது, லாண்ட் றோவரும் ஒண்டு வருது. எதை எடுக்கிறது?" என்று மருமகன் யாழ்ப்பாணத்திலிருந்து போனில் கேட்டான். இரண்டையும் ஓட்டியிருக்கிறேன், இரண்டின் அடியிலும் படுத்து வேலை செய்திருக்கிறேன். ஆனாலும் உடனே பதில் சொல்ல வரவில்லை.

வில்லிஸ் இரண்டாம் உலகப் போருக்கென்றே பிறந்த அமெரிக்க ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேல் செய்து அனுப்பின. 2.2 லீற்றர் எஞ்சின், 60 குதிரைவலு, மூன்று கியர், 6 வோல்ற் பற்றரி. எது யார் செய்தது என்று அறிய முன் குறுக்குச்சட்டத்தைப் பாருங்கோ: உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், தட்டையாக மடித்த தகடு என்றால் ஃபோர்ட். ஃபோர்ட் தன் சாமான்களில் 'எஃப்' எழுத்தையும் குத்தியிருக்கும்.

லாண்ட் றோவர் அதற்குப் பிள்ளை முறை. றோவர் கம்பனியின் மொறிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு ஜீப்பை ஓட்டிப் பார்த்துத்தான் இந்த எண்ணத்துக்கு வந்தார். 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிவந்த முதல் வண்டிக்கும் ஜீப்பின் அதே 80 அங்குலச் சில்லிடைதான், அதாவது முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம். போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். கொஞ்சக் காலத்திலேயே பிரித்தானிய இராணுவமும் அதை வாங்கத் தொடங்கியது.

அந்த அலுமினியத்தைக் கண்டுதான் எங்கட ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடல் சூழ்ந்த ஊரில் கறள் பிடிக்காத வண்டி என்றால் யாருக்கும் ஆசை வரும். உடம்பு கறள் பிடிக்காது, உண்மை. ஆனால் அடியில் இருக்கும் சேசி இரும்புத் தகடுகளைப் பெட்டியாக ஒட்டிச் செய்தது. சேறும் உப்பீரமும் உள்ளே போய்த் தங்கும். வெளியே பெயின்ற் மினுங்க, உள்ளே அது தின்றுகொண்டிருக்கும். பின் குறுக்குச்சட்டமும் கால்வைக்கும் இடத்துச் சுவரும் முதலில் போகும். அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் உப்பு பட்டால் அலுமினியமே வெள்ளைத் தூளாக உதிரும். வில்லிஸில் முழுக்க இரும்புத் தகடு, அதனால் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். ஒரு இடத்தைத் தவிர. தளத்தின் கீழே ஓடும் தகர வாய்க்காலுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். அது ஈரம் குடித்து இரும்பையும் அழிக்கும்.

எஞ்சின் பற்றிச் சொல்ல வந்தால் தொண்ணூறுகள் நினைவுக்கு வரும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பெற்றோல் எடுத்துக் காபிறேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணுவோம். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். தெரு முழுக்க அந்த மணம். பழைய எஞ்சின்களின் அழுத்தம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை எத்தனை மடங்கு நெரிக்கிறது என்ற அளவு, குறைவாக இருந்ததால்தான் அது நடந்தது. வில்லிஸின் அழுத்தம் 6.48க்கு 1, இரண்டாம் சீரிஸ் லாண்ட் றோவரின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினில் 7க்கு 1. இரண்டும் அதே இனம். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், எஞ்சினும் தேயும். ஆகவே வண்டி அந்தக் காலத்தில் எங்கே ஓடியது என்று கட்டாயம் கேளுங்கோ. இன்னொன்று: றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி விடவேண்டாம். சுண்ணாம்புக்கல் ஊரின் தண்ணி உள்ளே படிந்து அடைக்கும். மழைத்தண்ணி பிடித்து வையுங்கோ.

ஓட்டும்போது வில்லிஸின் ஸ்ரேறிங் இடப்பக்கம். காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸை முந்த எட்டிப் பார்க்கவே முடியாது. மணற்காட்டு மணலில் அதன் எடைக்குறைவு அருமை, அந்த இன்பத்தை லாண்ட் றோவர் தராது. ஆனால் நாலு கியரும் வலப்பக்க ஸ்ரேறிங்கும் மூடிய கூரையும் தினசரி ஓட்டத்துக்கு வேண்டும்.

மருமகனுக்கு லாண்ட் றோவரைத்தான் சொன்னேன், 88 அங்குலச் சில்லிடை வண்டியை. சேசி நல்லதென்றால் மட்டும். சனிக்கிழமை ஒரு சுத்தியலோடு போகிறான். பின் குறுக்குச்சட்டத்தைத் தட்டும்போது சத்தம் மணிபோல் வராமல் 'பொத்' என்று வந்தால், வில்லிஸ்காரனுக்கு அங்கிருந்தே போன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.