உப்புக் காற்றில் ஒரு மோரிஸ் மைனர்: வாளியா, பீச்சுக்குழாயா, ஈரத் துணியா?

கொழும்பு வெள்ளவத்தையில் காலை ஆறு மணிக்குக் கீழே இறங்கினால் என் 1963ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரின் பொனற்றில் விரலால் பெயர் எழுதலாம். பாதி, காலி நகருக்குப் போகும் பெருவீதியின் புகையும் தூசியும். மறுபாதி, கடலோர மரைன் டிரைவ் பக்கமிருந்து இரவெல்லாம் வந்து படிந்த உப்பு. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பிவிட்டால் செப்டெம்பர் வரை உப்பின் பங்குதான் அதிகம். உலர்ந்த துணியை எடுத்து அதன்மேல் இழுப்பது, பெயின்றின்மேல் உப்புத்தாளை இழுப்பதுதான். பெயரே பொருத்தமாக இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. காரைப் புதுப்பித்துக் கொண்டுவந்த முதல் இரண்டு மாதமும் எங்கள் மாடிக் குடியிருப்பின் காவலாளி தினமும் விடியற்காலையில் மஞ்சள் துணியால் அன்போடு துடைத்துவைத்தார். ஞாயிறுதோறும் நான் அவருக்குச் சன்மானமும் கொடுத்தேன். ஒருநாள் இரவு தெருவிளக்கின் கீழ் நிறுத்தியபோதுதான் பார்த்தேன்: விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல ஆயிரம் மெல்லிய கீறல்கள். ஆகவே உலர் துடைப்பை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன்.

மற்ற வழிகளுக்குப் போகுமுன் உங்கள் காரில் இருப்பது எந்த வகைப் பெயின்ற் என்று தெரிந்துகொள்ளுங்கள். கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில், வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் மேலே தெளிவான பூச்சு இல்லை. நீங்கள் தேய்ப்பது நிறத்தையே. என் துணி பச்சையானது. தெஹிவளையில் இருக்கும் என் மைத்துனரின் போக்ஸ்வாகன் பீட்டிலில் துணி வெள்ளையாகவே இருந்தது. அவருடையதில் நிறத்துக்கு மேலே தெளிவான பூச்சு ஒன்று இருக்கிறது. எங்கள் இருவரின் சண்டைக்கும் வேர் இதுதான்.

அவருடைய கட்சி சேர்விஸ் நிலையம். அரை மணி நேரம், நுரை, பீச்சுக்குழாய், வேலை முடிந்தது. "இது கார் மச்சான், கோயில் தேரல்ல" என்பார். நவீன காருக்கு அவர் சொல்வது சரி. ஆனால் அந்தக் குழாயிலிருந்து வரும் அழுத்தம் 100 பார்கூட இருக்கலாம், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. 60 ஆண்டு பழைய கண்ணாடி ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்தேன். வெளியே பளபளப்பு, ஒரு வாரம் கழித்துக் கால்மிதியைத் தூக்கினால் ஈரச் சாக்கு நாற்றம். முன்கண்ணாடி ரப்பரின் வழியே நீர் உள்ளே இறங்கித் தரைத்தகட்டில் தேங்கியிருந்தது. மைனருக்கு அடித்தகடும் பக்கச் சட்டங்களும்தான் முதுகெலும்பு. அங்கே துரு பிடித்தால் மேலே எவ்வளவு மினுங்கினாலும் பயனில்லை. அடிப்பாகத்துக்கு டீசல் தெளித்துத் தருவதாகச் சொன்னால் அதையும் மறுத்துவிடுங்கள். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இரண்டு வாளி முறை என்னுடையது. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் நீர். முதலில் குழாய் நீரை மெல்ல ஓடவிட்டு மண்ணை இறக்க வேண்டும். பிறகு கழுவும் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும்; ஒரு பகுதி கழுவியதும் கையுறையை வெறும் நீரில் அலசிவிட்டே மீண்டும் ஷாம்பில் தோய்க்க வேண்டும். வட்டமாக அல்ல, நேராகத் தேய்க்க வேண்டும். முடிவில் அந்த நீர்வாளியைச் சரித்துப் பாருங்கள்: அடியில் ஒரு கரண்டி கரிய மணல் கிடக்கும். அவ்வளவும் கார்மேல் சுற்றிவந்திருக்க வேண்டியது. சமையலறைப் பாத்திரத் திரவம் மட்டும் வேண்டாம், மெழுகை உரித்துவிடும். கழுவியதும் கதவுகளின் அடியிலுள்ள வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்து, ட்ரம் பிரேக்குகள் காயும்படி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவேன்.

குறை என்னவென்றால் இதற்கு நிழல், குழாய், ஒன்றரை மணி நேரம் மூன்றும் வேண்டும். மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு முதல் இரண்டும் அரிது. எங்கள் கட்டடத்திலும் குழாய் பிடிக்க மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் அனுமதி.

அதனால்தான் இடைநாட்களில் அலசத் தேவையில்லாத கழுவல் திரவத்துக்கு வந்தேன். ஒரு வாளி நீரில் போத்தலில் சொன்ன அளவு கலந்து, தடித்த மைக்ரோபைபர் துணிகளை ஊறவைத்து, ஒரு பகுதிக்கு ஒரு பக்கம் என்று மடித்து மடித்துத் துடைக்க வேண்டும். திரவத்திலுள்ள வழுக்கும் பொருள் தூசியைச் சூழ்ந்து, கீறாமல் எடுத்துவிடுகிறது. மெல்லிய தூசிக்கு இதற்கு நிகர் இல்லை. மழைநாள் சேற்றுக்கு இதை நம்பாதீர்கள்; சக்கர வளைவுகளுக்குள் ஒட்டிய உப்பையும் இது தொடாது. அதற்கு ஓடும் நீரே வேண்டும்.

பெயின்றைக் காக்க மேலே பூசும் விடயத்தில் மைத்துனர் செரமிக் என்ற இறுகி நிற்கும் இரசாயனப் பூச்சு, நான் கர்னோபா என்ற பனையோலை மெழுகு. செரமிக் ஆண்டுக்கணக்கில் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை எடுக்க வேண்டுமென்றால் பொலிஷ் போட்டு உரிக்க வேண்டும். அவருக்குப் போவது தெளிவான பூச்சு, எனக்குப் போவது பச்சை நிறம். மெழுகு கொழும்பு வெயிலில் இரண்டு மூன்று மாதம்தான் தாங்கும். தேய்ந்தால் கையால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். புதிதாகப் பெயின்ற் அடித்த காரானால் இரண்டுமே உடனே வேண்டாம். பெயின்றுக்குள் இருக்கும் கரைப்பான் முழுதும் வெளியேறும் வரை, கராஜில் சொல்லும் காலம் பொறுக்க வேண்டும்.

காகங்களைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எச்சத்தை வெயில் ஏறுமுன் எடுக்காவிட்டால் மெழுகும் செரமிக்கும் ஒன்றுதான், தழும்பு விழும். காய்ந்திருந்தால் சுரண்டக் கூடாது. நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டுவைத்தால் தானாக இளகிவரும். காகத்துக்குப் பயந்து பிளாஸ்டிக் உறையால் மூடுவோர் உண்டு. இந்த ஈரப்பதத்தில் அது உள்ளே வியர்த்துப் பெயின்றில் கொப்புளம் கிளப்பும்.

இலக்கத் தகட்டை மட்டும் கடைசியில், பழைய பல்துலக்கியால் செய்வேன். நடுவில் சிங்கள எழுத்தில் ‘ஸ்ரீ’, பழைய தகடுகளில் மட்டும் இருப்பது. ஐம்பதுகளில் நம் தமிழர்கள் தார் பூசி எதிர்த்த எழுத்து. இப்போது கார் பழையது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று, அதன் வளைவுகளுக்குள் ஒட்டிய அழுக்கை நானே குனிந்திருந்து எடுக்கிறேன். மைத்துனர் இதைப் பார்த்துச் சிரிப்பார். அவருடைய தகட்டிலும் அதே எழுத்துத்தான்.