தொப்பூர் இறக்கமும் புது டயரும்: இரண்டு வருட அனுபவம்

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வேலைக்குப் பைக்கிலேயே போய் வருகிறேன். வண்டி ஒற்றை டிஸ்க் பல்சர் 150. இரண்டு டயரையும் மாற்றி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்து தொப்பூர் கணவாயில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய பின் டயரைப் பார்த்துவிட்டு, “பட்டன் இருக்குதுங்க, இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம்” என்றார்கள் பஞ்சர் கடையில். பட்டன், அதாவது டயர்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள், இருந்தது உண்மைதான், ஆனால் ஓரங்களில் மட்டும். நான்கு வழிச்சாலையில் நேராகவே ஓடும் வண்டிக்கு டயரின் நடுப்பகுதி தேய்ந்து பலகை போலத் தட்டையாகிவிடும். நிமிர்ந்து போகும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்க்கும்போதுதான், அந்தத் தட்டையின் விளிம்பைத் தாண்டுகிற நொடியில் வண்டி சட்டென்று உள்ளே சரியும். கணவாயில் உள்ள இரட்டைப் பாலத்துப் பக்கம், அருகில் சரக்கு லாரி இறங்கிக்கொண்டிருக்கையில் அப்படிச் சரிவது சின்ன விஷயம் இல்லை.

டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ ‘டிடபிள்யூஐ’ (TWI) எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டன் இடுக்குக்குள் ஒரு ரப்பர் மேடு தெரியும். டூவீலருக்கு அதன் உயரம் 0.8 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது. மழைக்காலத்தில் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. தண்ணீரை வெளியே தள்ளுவதே அந்த இடுக்குகள்தான். ஆழம் குறையக் குறைய ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும்.

மதுரையில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் யூரோகிரிப்பை வாங்கினேன். பின்னால் பழைய அளவான 100/90-17தான். பார்வைக்காக அகல டயர் போடச் சொல்வார்கள், வேண்டாம். ரிம்முக்கு மீறிய டயர் உப்பி, வடிவம் மாறிவிடும். கடைக்காரர் முதலில் எடுத்துவந்த டயர் ரொம்ப நாள் தேங்கியது. தேதியைக் காட்டியதும் வேறு கொடுத்தார். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம்தான் அந்தத் தேதி: 2223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். ட்யூப்லெஸ் டயர் என்பதால் வால்வையும் கூடவே மாற்றச் சொன்னேன். அம்புக்குறி வண்டி ஓடும் திசையில் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

புது டயரின் மேல் வழவழப்பு போகும்வரை பெரிதாகச் சாய்க்கவில்லை. அப்புறம் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. தொப்பூரில் தூறல் விழும்போது கீழ் கியரில் இறங்கி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போவதில்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையிலும் வண்டி சொன்னபடி கேட்கிறது. லாரி சிந்திய டீசல்மேல் மட்டும் எந்த டயரையும் நம்ப முடியாது.

காற்றை வாரம் ஒருமுறை, வண்டியை எடுத்தவுடன், டயர் சூடாவதற்கு முன்பே பார்ப்பேன். முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏறினால் 32. பாலக்கோட்டிலிருந்து தக்காளிக் கூடை கட்டி வருகிறவர்கள் பலர் காற்றைப் பார்ப்பதே இல்லை. குறைந்த காற்றில் பாரம் ஏற்றினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிக்கவும் செய்யும். அவர்களுக்காகவாவது இதைச் சொல்ல வேண்டும்.

இப்போது பின் டயரின் நடுவில் மறுபடி தட்டை விழத் தொடங்கியிருக்கிறது. மேடு வரை தேய இன்னும் இடம் இருக்கிறது. ஆனாலும் ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடப் போகிறேன். முன் டயர் அடுத்த வருடம் வரை தாங்கும்.