நாலு லட்சம் ஓடிய ஹைலக்ஸும் நான் மாற்றிய பிளக்குகளும்

ஷார்ஜாவில் ஏசி வேலை. கம்பெனி வண்டி 2013 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ், 2.7 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர். பேப்பர் முதலாளி பெயரில், சாவி எட்டு வருஷமாக என்னிடம். இப்போது மீட்டர் 4,11,000-ஐத் தாண்டிவிட்டது. இன்ஜின் இன்னும் பிரிக்கப்படவில்லை.

சிலிண்டருக்குள் பொறி போட்டு பெட்ரோலை எரிய வைக்கிற ஸ்பார்க் பிளக் என்று ஒன்று இருப்பதையே நான் நினைத்துப் பார்க்க ஆரம்பித்தது 2019 கடைசியில். மலைக்குள் போகிற கொர்ஃபக்கான் புது ரோட்டில், பின்னால் இரண்டு அவுட்டோர் யூனிட்டும் கேஸ் சிலிண்டர்களும் ஏற்றிக்கொண்டு போகிறேன். சுரங்கப்பாதைக்கு முன்னால் ஏற்றத்தில் மிதித்தால் வண்டி விக்குகிறது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து விடுகிற மாதிரி. இன்ஜின் விளக்கு மின்னிவிட்டு நின்றது. விளக்கு சும்மா எரிந்தால் ஒரு கதை, மின்னினால் வேறு கதை: எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். மிதியைக் குறைத்து, உருட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

நண்பனின் ஸ்கேனரை மாட்டினால் பி0303 என்ற பழுதுக் கோடு (code). மூன்றாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது சில சமயம் எரியாமல் போகிறது. கோளாறு பிளக்கிலா, அதற்கு வோல்டேஜ் கொடுக்கிற காயிலிலா என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. மூன்றாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டேன், இரண்டாவதை இங்கே மாட்டினேன். பழுதுக் கோடு மூன்றாம் சிலிண்டரிலேயே நின்றது. அப்போ காயில் நல்லாத்தான் இருக்கிறது.

கழற்றிப் பார்த்தபோதுதான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. புது பிளக்கில் நடுக்கம்பியின் முனை வெட்டி வைத்த மாதிரி சதுரமாக இருக்கும். என்னுடையது நாலும் சப்பிய மிட்டாய். பொறி தாண்டுகிற இடைவெளி, அதாவது கேப், 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 1.4 தகடு உரசாமலே உள்ளே போனது. தூரம் கூடக் கூட, பொறி தாண்டுவதற்குக் காயில் அதிக வோல்டேஜ் தள்ள வேண்டும். வெறும் வண்டியில் சமாளித்துவிடும். லோடோடு ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், அங்கேதான் பொறி தாண்டாமல் நின்றுவிடும். இது ஒரு நாளில் வருகிற தேய்மானம் இல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும், ஐடிலிங்கில் ஸ்டீயரிங் லேசாக நடுங்கும். "வயசான வண்டி, அப்படித்தான்" என்று நானே ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொல்லிப் பழகியிருந்தேன்.

அடுத்தது என் முட்டாள்தனம். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கடையில் பாதி விலைக்கு நாலு பிளக் கிடைத்தது. டப்பா, எழுத்து எல்லாம் டென்ஸோ கம்பெனியுடையது. மாட்டினேன், 6,000 கிலோமீட்டரில் அதே விக்கல். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கீழக்கரை பாய் ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாக இங்கேதான். ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"தம்பி, வாய்க்கால் எங்கே?"

"என்ன வாய்க்கால் பாய்?"

இந்த வண்டிக்கான ஒரிஜினல் டென்ஸோ பிளக், கே20எச்ஆர்-யு11 ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே வளைந்து வருகிற கம்பியின் உள்பக்கத்தில் நகத்தால் கீறின மாதிரி ஒரு பள்ளம். அந்த 'யு' அதற்குத்தான், 11 என்பது 1.1 கேப். என்னுடையதில் மழமழவென்று இருந்தது. நான் ஏசிக்காரன், மல்டிமீட்டர் எப்போதும் இடுப்பில் இருக்கும். ஒரிஜினலின் மேல்முனைக்கும் நடுக்கம்பிக்கும் வைத்தால் சில ஆயிரம் ஓம் காட்டியது, உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. டூப்ளிகேட்டில் பீப் என்று கத்தியது. உள்ளே வெறும் கம்பி. அன்றிலிருந்து கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறேன். கடைக்காரர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

வேலை பெரிய வித்தை இல்லை. காயிலுக்கு ஒரு 10 போல்ட், பிளக்குக்கு 16 பாக்ஸ், நீள எக்ஸ்டென்ஷன். ஆனால் பிளக் மாட்டுகிற இன்ஜின் ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்துவிடும். ஜூலையில் ராத்திரி முழுக்க நிறுத்தினாலும் இங்கே முழுசாக ஆறாது. நான் விடிகாலை ஐந்து மணிக்குக் கை வைப்பேன். கழற்றுவதற்கு முன் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் காற்றடிக்க வேண்டும். நம் குழியில் இருப்பது பாலைவனம்! ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால்கூட பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் உப்புத்தாள்தான். புதுசை ஸ்பேனரில் வைத்து ஆரம்பிக்க மாட்டேன். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் ஓஸைச் சொருகி, அதை விரலால் திருகுவேன். மரை கோணலாகப் பிடித்தால் ஓஸ் வழுக்கிவிடும், இரும்பு அப்படி வழுக்காது. கையிறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று, வாஷர் நசுங்குவது கையில் தெரியும். கிரீஸ், ஆன்டி சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடவும் பசை) எதுவும் மரையில் தடவுவதில்லை. தடவினால் அதே கை பலத்துக்கு அதிகமாக இறுகிவிடும். ஒருமுறை காயில் கனெக்டரின் பூட்டு காய்ந்த முறுக்கு மாதிரி ஒடிந்தது. இன்றுவரை கேபிள் டைதான் பிடித்திருக்கிறது.

மீட்டர் 2,85,000-ல் இருந்தபோது, சாதாரண நிக்கல் முனை பிளக்கை விட்டு, ஆசைப்பட்டு இரிடியம் முனை பிளக் போட்டேன். விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முனை வெறும் 0.4 மில்லிமீட்டர், ஊசி மாதிரி. வண்டி துள்ளிக் குதிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புது நிக்கலுக்கும் இதற்கும் ஓட்டுவதில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, மைலேஜும் அதே லிட்டருக்கு எட்டரைதான். 67,000 கிலோமீட்டர் கழித்துக் கழற்றினால் கேப் 1.1-லேயே நிற்கிறது. பொருளில் குறையே இல்லை.

குறை வேறு இடத்தில். இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லையா, அதற்குள் இன்ஜின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் காய்ந்து, இரண்டாம் குழியில் ஆயில் இறங்கி நின்றிருக்கிறது. காயிலின் ரப்பர் ஊறிப் போய் பாதி உள்ளேயே கிழிந்து தங்கிவிட்டது. கொறடால் துண்டு துண்டாக எடுத்தேன், ஒரு காயில் போச்சு. முப்பதாயிரத்துக்கு ஒருமுறை கழற்றியிருந்தால் பேக்கிங்கோடு முடிந்திருக்கும்.

அதனால் இரிடியத்தை விட்டுவிட்டு நிக்கலுக்கே திரும்பினேன். பிளக்கை எளிதாக எட்டமுடியாத வண்டிக்காரர்கள் தாராளமாக இரிடியம் போடலாம். இந்த இன்ஜினில் நாலும் மேலேயே, கைக்கு எட்டும் தூரத்தில். நாலு லட்சம் ஓடின இன்ஜினை முப்பதாயிரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க அரைமணி நேரம் எனக்குப் பெரிதில்லை. கழற்றியதை வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி, 1, 2, 3, 4 என்று எழுதி வைப்பேன். வெளிப் பீங்கானில் உலோகத்தை ஒட்டி வரும் காபிக் கறை வளையத்தைப் பார்த்து முதலில் கேஸ் லீக் என்று பயந்தேன். அது அதிக வோல்டேஜில் ஒட்டும் தூசிதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் பாய். உள்முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது.

போன மாதம் கழற்றியதில் ஒன்று, மூன்று, நான்கு அப்படித்தான் இருந்தன. இரண்டில் மட்டும் சாம்பல் பொருக்கு, தேய்த்தால் உதிர்கிறது. ஆயில் உள்ளே எரிய ஆரம்பித்திருக்கிறது. 3,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் டாப் அப் ஆவதும் அதற்குக் கணக்கு சரியாக வருகிறது. அட்டையோடு போய் முதலாளி மேசையில் வைத்தேன். இன்ஜின் பிரிக்க எவ்வளவு ஆகும் என்று பாயிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார். பாய் இன்னும் விலை சொல்லவில்லை, "அடுத்த செட் கழற்றும்போது ரெண்டாவதை மட்டும் எடுத்துட்டு வா தம்பி, பார்ப்போம்" என்கிறார்.